பனிக்காட்டை வருடக்கணக்கில் அளப்பது எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்களுக்கு குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒன்றரை ஏக்கர் ரப்பர் விளை உண்டு. பிழைப்பு, கல்லூரியில் தாவரவியல் நடத்துவது. இரண்டு வருடம் முன்பு, வடதுருவத்தை ஒட்டிய ஊசியிலைக் காடுகளில் (போரியல் காடு என்பார்கள்) பல பத்தாண்டுகளாக நடக்கும் ஆய்வுகளைப் பற்றி வகுப்பில் பேசினேன். அன்றிலிருந்து மாணவர்கள் கேட்கிறார்கள், அவர்கள் வீட்டில் போய்ச் சொல்ல அப்பாக்கள் கேட்கிறார்கள், எங்கள் விளையில் பால் வெட்ட வருகிறவர்கூடக் கேட்கிறார். ஆளாளுக்குத் தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

போரியல் காடு என்பது பள்ளியில் படித்த டைகாவா?

அதேதான். அலாஸ்காவில் தொடங்கி கனடா, அப்புறம் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா என்று பூமியின் தலையில் கட்டிய துண்டு மாதிரி ஒரு சுற்று. உலகத்துக் காடுகளில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இதுதான். அதிலும் பாதிக்கு மேல் ரஷ்யாவில் கிடக்கிறது. மர வகைகள் மிகக் குறைவு. ஸ்ப்ரூஸ், பைன், ஃபிர், லார்ச், நடுவே இலையுதிர்க்கும் பிர்ச், ஆஸ்பென். விரல் விட்டு எண்ணிவிடலாம். காளிகேசம் ஆற்றோரத்தில் கொஞ்ச தூரம் நடந்து மரம் எண்ணிப் பார்த்தவர்களுக்கு அது காடா என்றே தோன்றும்.

நீங்கள் போய்ப் பார்த்திருக்கிறீர்களா?

இல்லை. என் வாழ்நாளில் நான் பார்த்த அதிகபட்ச ஐஸ், குளச்சலில் மீன் பெட்டிக்குள் அள்ளிப் போடுவதுதான். இங்கே எழுதியிருப்பது எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது.

அங்கே மழை நன்றாகப் பெய்யுமா?

இது நல்ல கேள்வி. என் மாணவர்கள் யாரும் சரியாக ஊகித்ததில்லை. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். பனியையும் சேர்த்து வருடம் முழுக்கப் பெய்வது சுமார் 300 மில்லிமீட்டர்தான். பேச்சிப்பாறையில் ஒரே மாதத்தில் அதைத் தாண்டுவதுண்டு. கணக்குப்படி அந்த நிலம் முள்ளும் புதருமாக இருக்க வேண்டும். ஆனால் காடாக இருக்கிறது, பல இடங்களில் கால் வைத்தால் புதையும் சதுப்பாகவும் இருக்கிறது.

காரணம், தரைக்குக் கீழே உறைந்த மண். கோடையில் மேலே ஒரு முழமோ ஒரு கோலோ மட்டும் இளகும். அதற்குக் கீழே ஆயிரக்கணக்கான வருடங்களாக உறைந்தே கிடக்கிறது. இதை உறைமண் என்று சொல்வோம். கீழே கான்கிரீட் போட்ட தொட்டிபோல அது தண்ணீரை இறங்க விடாது. குளிரில் ஆவியாவதும் கொஞ்சம். அதனால் கிடைக்கிற சொற்ப நீரும் வேருக்கு எட்டும் ஆழத்தில் தேங்கி நிற்கிறது.

இந்த உறைமண் இப்போது இளகுகிறது. உள்ளே ஐஸ் கட்டிகள் அதிகம் இருந்த இடத்தில் தரை அமுங்கிக் குளமாகிறது. அங்கே நிற்கும் மரங்கள் கள் குடித்தவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்கின்றன. அவற்றுக்குக் 'குடிகார மரங்கள்' என்றே பெயர். வேறு இடங்களில் தொட்டியின் அடி உடைந்தது போல நீர் வடிந்து மேல்மண் காய்ந்துபோகிறது. ஒரே வெப்பம்தான், ஒரு இடத்தில் குளம், இன்னொரு இடத்தில் வறட்சி. எங்கே எது நடக்கும் என்பது அந்தந்த இடத்தைத் தொடர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

நீண்டகால ஆய்வு என்றால் அங்கே உட்கார்ந்து என்னதான் செய்வார்கள்?

பெரும்பாலும் நம் விளையில் செய்வதையே. ரப்பர் மரம் பால் வெட்டுக்கு வந்துவிட்டதா என்று பார்க்க 125 சென்டிமீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றுகிறோம் அல்லவா? சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்தால் வெட்டலாம். காட்டு ஆய்வாளர்களும் கிட்டத்தட்ட அதே நெஞ்சு உயரத்தில்தான் அளக்கிறார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்ட தகடு, அளந்த இடத்தில் பெயின்ட் கோடு. சில வருடம் கழித்து அதே மரம், அதே கோடு. செத்துப்போனதா, புதிதாக எது முளைத்தது என்று எழுதுவார்கள். விழும் இலையையும் விதையையும் கூடை வைத்துப் பிடித்து எடை போடுவார்கள். கோடை முடிவில் ஒரு இரும்புக் கம்பியைத் தரையில் குத்தி, எவ்வளவு ஆழத்தில் 'டக்' என்று உறைமண்ணில் முட்டுகிறது என்று குறிப்பார்கள். பெரிய விஞ்ஞானம்போலத் தோன்றாது. கம்பி முட்டும் ஆழத்தை ஒரு வருடம் குறித்தால் அது வெறும் எண். முப்பது வருடம் குறித்தால் அதுவே சாட்சி.

இவற்றோடு கோபுரம் கட்டியும் அளக்கிறார்கள். காடு எவ்வளவு கரியமில வாயுவை இழுக்கிறது, எவ்வளவு விடுகிறது என்பதை காற்றின் சுழிப்பை விநாடிக்குப் பத்து முறை அளந்து கணக்கிடும் கருவி அதில் இருக்கும்.

இதற்கென்றே பெயர் பெற்ற இடங்கள் சில உண்டு. ஃபேர்பேங்க்ஸுக்குப் பக்கத்தில் பொனான்சா கிரீக், 1987-இலிருந்து அமெரிக்காவின் நீண்டகாலச் சூழலியல் ஆய்வுத் தொடரில் இருக்கிறது. பின்லாந்தில் ஹியூதியாலா: 1962-இல் விதைத்த பைன் காட்டுக்குள் 1990-களின் நடுவில் நிலையம் தொடங்கினார்கள், அங்கே உள்ள கோபுரம் இப்போது 127 மீட்டர் உயரம்.

மூன்று வருடம் பார்த்தால் போதாதா? நம் நாட்டில் ஆய்வுத் திட்டம் எல்லாம் மூன்று வருடம்தானே?

நம் நாட்டில் மட்டுமல்ல, எங்கேயும் பணம் வருவது அநேகமாக அப்படித்தான். போதாது என்பதற்கு முயல் கதை ஒன்றே போதும்.

வட அமெரிக்கப் பனிக்காட்டில் ஒரு முயல் இருக்கிறது. கோடையில் பழுப்பு, குளிர்காலத்தில் வெள்ளை. இதைத் தின்று வாழ்வது லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை. ஹட்சன்ஸ் பே என்ற தோல் வியாபாரக் கம்பெனி இருநூறு வருடக் கொள்முதல் கணக்கை வைத்திருந்தது. அதைப் புரட்டியவர்களுக்கு ஒரு தாளம் தெரிந்தது: ஒன்பது முதல் பதினொரு வருடத்துக்கு ஒருமுறை முயல் பெருகுகிறது, சரிகிறது, பின்னாலேயே லின்க்ஸும் ஏறி இறங்குகிறது. ஆய்வுக்காக யாரும் எழுதிய கணக்கில்லை அது. வியாபாரிகள் தோலுக்கு எழுதிய கணக்கு.

இப்போது ஒரு மூன்று வருடத் திட்டத்தை அதற்குள் வைத்துப் பாருங்கள். இறங்கு வருடங்களில் போனவர் 'முயல் இனம் அழிகிறது' என்று அறிக்கை எழுதுவார். ஏறு வருடங்களில் போனவர் 'முயல் தொல்லை பெருகுகிறது' என்பார். இருவருமே அளவெடுத்ததில் பிழையில்லை. ஆனாலும் இருவரும் சொன்னது தப்பு.

சரி, ஏன் இந்த ஏற்ற இறக்கம்? இதைக் கண்டுபிடிக்க கனடாவின் யூக்கான் பகுதியில் க்ளுவானி ஏரிப் பக்கம் சார்ல்ஸ் கிரெப்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் 1986 முதல் 1996 வரை, ஒரு முழுச் சுற்று முடியும்வரை இருந்தார்கள். சில இடத்தில் மின்வேலி போட்டு வேட்டை விலங்குகளைத் தடுத்தார்கள். அங்கே முயல் இரண்டு மடங்கானது. சில இடத்தில் கூடுதல் தீனி வைத்தார்கள், மூன்று மடங்கானது. வேலியும் தீனியும் சேர்ந்த இடத்தில் எவ்வளவு இருக்கும்? ஐந்தோ ஆறோ என்று கணக்குப் போடுவோம். பதினொரு மடங்கு! பசியும் பயமும் ஒன்றை ஒன்று பெருக்குகின்றன. பத்து வருடம் பொறுக்காமல் இந்தப் பதினொன்று கிடைத்திருக்காது.

"சாரே, குளிர்காட்டிலே சூடு கூடினா மரத்துக்கு நல்லதுதானே?"

பால் வெட்ட வருகிறவர் கேட்டது. தாவரவியல் படித்தவர்களும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தார்கள். குளிரால் ஒடுங்கி நிற்கும் மரம், கொஞ்சம் வெயில் கண்டால் செழிக்கும் என்று.

பார்பர், ஜூடே, ஃபின்னி என்ற மூவர் அலாஸ்காவின் உள்பகுதியில் வெள்ளை ஸ்ப்ரூஸ் மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து 2000-இல் வெளியிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் கோடை சூடாக இருந்த வருடங்களில் வளையம் ஒல்லியாக விழுந்திருந்தது. சூட்டில் மரத்துக்குத் தாகம் கூடுகிறது. ஆனால் நான் மேலே சொன்ன அந்த 300 மில்லிமீட்டர் மழை கூடவில்லை. தண்ணீர் போதாமல் மரம் இலைத்துளையை மூடிக்கொள்கிறது, வளர்ச்சி நிற்கிறது. எல்லா இடத்திலும் இப்படி இல்லை. ஈரம் இருக்கிற, இன்னும் குளிரான இடங்களில் மரம் நன்றாக வளரவும் செய்கிறது. அதனால் அவருக்கு நான் சொன்ன பதில், "எந்த மரம், எந்தச் சரிவு என்று கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும்."

காத்திருக்காமல் காட்டுக்குச் சூடு வைத்துப் பார்க்க முடியாதா?

பார்க்கிறார்கள்! அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், போரியல் காட்டின் தெற்கு ஓரத்தில் ஒரு சதுப்புக் காடு. அதில் சுமார் 12 மீட்டர் அகலத்தில், மேலே திறந்த, கண்ணாடிக் கூண்டு போன்ற பத்து அறைகளை மரம் மட்டையோடு சேர்த்துக் கட்டி, 2015-இல் உள்ளே காற்றையும் மண்ணையும் சேர்த்துச் சூடாக்க ஆரம்பித்தார்கள். ஒன்றில் கூடுதல் சூடு இல்லை, ஒன்றில் 2.25 டிகிரி, இப்படிப் படிப்படியாக 9 டிகிரி வரை. ஸ்ப்ரூஸ் என்றே அந்தச் சோதனைக்குப் பெயர்.

முதல் வசந்தத்திலேயே ஒரு பாடம். சூடான அறைகளில் செடிகள் முன்கூட்டியே துளிர்த்தன. 2016 ஏப்ரலில் வழக்கமான பின்பனி ஒன்று வந்தது. குளிர்தாங்கும் தயாரிப்பை அதற்குள் கலைத்துவிட்ட அந்தத் தளிர்கள் கருகின. வெளியே நின்றவை தப்பித்தன. நமக்கு இது அந்நியமில்லை. தை மாசி வாக்கில் ரப்பர் இலையுதிர்த்துத் தளிர்க்கிற நேரம் பார்த்து மூடுபனியோ மழையோ விழுந்தால் சாம்பல் பூஞ்சாணம் வந்து தளிர் கொட்டிவிடும். அதே ரப்பர் ஒரு மாதம் தள்ளித் தளிர்த்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது.

அந்தச் சதுப்பு ஆயிரக்கணக்கான வருடமாகக் கரிமத்தைச் சேர்த்துவைத்தது. சூடேற்றிய சில வருடங்களிலேயே சேர்ப்பதை நிறுத்தி, கரிமத்தை வெளியே விடத் தொடங்கிவிட்டது; சூடு கூடக் கூட வெளியே விடுவதும் கூடியது. ஆனால் இந்த மாதிரிச் சோதனைக்கு எல்லை உண்டு. 12 மீட்டர் அறைக்குள் காட்டுத்தீயை வைக்க முடியாது.

காட்டுத்தீ பற்றித்தான் செய்தியில் நிறைய வருகிறது. அது எப்போதும் உள்ளதா, புதிதா?

எப்போதும் உள்ளது; அளவும் ஆழமும்தான் மாறுகின்றன. 2004-இல் அலாஸ்காவில் சுமார் 27 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. நம் குமரி மாவட்டத்தைப் போல் பதினாறு. 2023-இல் கனடாவில் எரிந்தது சுமார் 1.5 கோடி ஹெக்டேர். அது தமிழ்நாடு முழுவதையும் விடப் பெரிது. நியூயார்க் நகரமே புகையில் ஆரஞ்சு நிறமானது அந்த வருடம்தான்.

ஆனால் தீயே கெட்டது என்று நினைத்துவிட வேண்டாம். கருப்பு ஸ்ப்ரூஸ் என்ற மரம் தீக்காகவே வாழ்கிறது என்று சொல்லலாம். உச்சியில் பிசின் பூசி மூடிய காய்களை வருடக்கணக்கில் வைத்துக்கொண்டு நிற்கும். தீ வந்து மரத்தைக் கொன்றதும் பிசின் உருகி, காய் திறந்து, விதை சாம்பலில் கொட்டும். நூறு வருடத்துக்கு ஒருமுறை எரியும், மறுபடி அதே ஸ்ப்ரூஸ் காடு வரும். பாட்டன், அப்பன், பிள்ளை என்று ஒரே தொழில்.

இந்தத் தொடர்ச்சியின் சூட்சுமம் மரத்தில் இல்லை, தரையில் இருக்கிறது. ஸ்ப்ரூஸுக்கு அடியில் பாசியும் மக்காத குப்பையும் ஒரு சாண், சில இடத்தில் அதற்கும் மேல் கனத்துக்கு மெத்தையாகக் கிடக்கும். மீன் பெட்டிக்குத் தெர்மோகோல் மாதிரி அது உறைமண்ணைக் கோடை வெயிலிலிருந்து காக்கிறது. வழக்கமான தீ மெத்தையின் மேற்புறத்தை மட்டும் கருக்கிவிட்டுப் போகும். மிச்ச மெத்தையில் முளைத்துத் தாக்குப்பிடிக்கிற அளவு பெரிய விதை ஸ்ப்ரூஸுக்கு உண்டு. பிர்ச், ஆஸ்பெனின் தூள் போன்ற விதைகளால் முடியாது. ஆக ஸ்ப்ரூஸே ஜெயிக்கும்.

கோடை நீண்டு மெத்தை அடிவரை காய்ந்திருந்தால் தீ அடிமண் வரை இறங்குகிறது. சில இடத்தில் அந்த மெத்தைக்குள்ளேயே பனிக்கடியில் குளிர்காலம் முழுக்கப் புகைந்து, வசந்தத்தில் மறுபடி கிளம்புவதும் உண்டு. மண் வெளியே தெரிந்ததும் ஆட்டம் மாறுகிறது. பிர்ச்சும் ஆஸ்பெனும் நுழைந்துவிடுகின்றன. 2004 தீக்குப் பிறகு பொனான்சா கிரீக் ஆட்கள் எரிந்த இடங்களைக் குறித்துவைத்து, பத்து வருடத்துக்கு மேல் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தது இதைத்தான். மிஷேல் மேக் தலைமையில் 2021-இல் வெளிவந்த கட்டுரையில் அடுத்த திருப்பம்: ஸ்ப்ரூஸ் போய் இலையுதிர் மரம் வந்த இடங்களில் கரிமம் பல மடங்கு வேகமாகச் சேர்கிறது, தீயில் போனதை ஈடுகட்டும் அளவுக்கு. இலையுதிர் மரம் லேசில் தீப்பிடிக்காது, வெளிர் நிறத்தால் வெயிலையும் திருப்பி அனுப்பும்.

அப்போ நல்லதுதானே என்றால், அங்கேயும் அவசரப்படக் கூடாது. மெத்தை போனால் உறைமண் இளகுவது நிற்காது. பாசி மாதிரிப் படரும் லைக்கனைத் தின்று வாழும் துருவ மானுக்கு அந்தக் காடு காடே இல்லை. தீக்கு மறுநாள் எடுத்த அளவு ஒன்று சொல்கிறது, பதிமூன்றாம் வருடத்து அளவு வேறொன்று சொல்கிறது, ஐம்பதாம் வருடம் என்ன சொல்லும் என்பதை இன்று இருப்பவர்களில் பலர் பார்க்கப்போவதில்லை.

பைன் வாசனைக்கும் மேகத்துக்கும் தொடர்பு என்று வகுப்பில் சொன்னீர்களே?

ஆமாம், ஹியூதியாலாவில் தெரிய வந்தது. பைன் காட்டின் அந்த வாசனை, டெர்பீன் என்ற வாயுக்கள். அவை காற்றில் மாற்றமடைந்து நுண்துகள்களாகி வளர்கின்றன. மேகத்துளி உருவாக அவை கருவாகின்றன. சூடு கூடினால் மரம் விடும் வாசனையும் கூடும்.

சரி, இதற்கும் கன்னியாகுமரிக்கும் என்ன சம்பந்தம்?

ஒன்று, காற்று பொது. உறைமண்ணுக்குள் இருக்கும் கரிமம் இன்று வளிமண்டலத்தில் இருப்பதைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதில் கொஞ்சம் வெளியே வந்தாலும் அதற்கு எல்லை, செக்போஸ்ட் எதுவும் கிடையாது.

இன்னொன்று எனக்குப் பிடித்தது. ஆவணி, புரட்டாசியிலிருந்து தேரூர் குளத்திலும் மணக்குடிக் காயலோரத்திலும் வாலை ஆட்டி ஆட்டி நடக்கிற உள்ளான்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் வுட் சாண்ட்பைப்பர் என்பது போரியல் சதுப்புகளில் முட்டையிடுகிற பறவை. கிரீன் சாண்ட்பைப்பர் இன்னும் விசேஷம்: நீரோரத்திலேயே திரியும் இந்தப் பறவை, அங்கே போனதும் காட்டு மரத்தின் மேல் வேறு பறவை கட்டி விட்டுப்போன பழைய கூட்டில் முட்டையிடும். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022-இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதாவது, அந்தக் காட்டுப் பிறவிகள் பனிக்காலம் கழிக்கும் வீடுகளில் ஒன்று நம் வயற்காட்டில் இருக்கிறது.

இவ்வளவு வருடம் யார் காசு கொடுப்பார்கள்?

இதுதான் எல்லாருக்கும் தலைவலி. கனடாவின் ஒன்டாரியோவில், காட்டுக்கு நடுவே 58 ஏரிகளை 1968-இலிருந்து ஆய்வுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். 1973-இல் அங்கே ஒரு ஏரியின் நடுவே திரை கட்டி, ஒரு பாதியில் மட்டும் கூடுதலாகப் பாஸ்பரஸ் சேர்த்தார்கள்; அந்தப் பாதி மட்டும் பச்சையாகப் பாசி பிடித்ததை மேலிருந்து படம் எடுத்தார்கள். சோப்புத்தூளில் பாஸ்பேட்டுக்குக் கட்டுப்பாடு வந்ததில் அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு. இவ்வளவு பேர் வாங்கிய இடத்தையே 2012-இல் அரசு கைவிடப்போவதாக அறிவித்தது. பெரிய எதிர்ப்பு எழுந்து, 2014-இல் வேறொரு நிறுவனம் ஏற்று நடத்துகிறது.

ரஷ்யக் கதை இன்னும் வருத்தம். 2022-இல் போர் தொடங்கியபின் மேலைநாடுகளோடு நடந்த கூட்டாய்வுகள் பல முறிந்தன. காட்டின் பெரும்பாதி அங்கே இருக்க, அந்தப் பக்கத்து எண்கள் வருவது நின்றால் படத்தில் பாதியை மறைத்துவிட்டுப் படம் பார்ப்பது போல.

நம் பக்கத்தில் இப்படி ஏதாவது நடக்கிறதா?

முதுமலையில் 1988-இலிருந்து 50 ஹெக்டேர் காட்டில் ஒரு சென்டிமீட்டர் தடிப்புக்கு மேலான ஒவ்வொரு தண்டையும் கணக்கெடுத்து வருகிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் தொடங்கியது, முதல் கணக்கில் 25,000-க்கு மேல் தண்டுகள். நம் மேல் கோதையாற்றை ஒட்டிய கக்கச்சி சோலைகளில் மரம் எப்போது பூக்கிறது, காய்க்கிறது என்று பார்க்கும் வேலை 1990-களில் தொடங்கியது.

அதற்கும் முன்னே ஒரு பழைய பெருமை நமக்கு உண்டு. 1956 வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம்தானே. சுவாதித் திருநாள் காலத்தில் 1837-இல் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் தொடங்கினார்கள். பின்னால் அதன் பொறுப்பில் இருந்த ஜான் ஆலன் பிரவுன், 1850-களில் அகத்தியமலை உச்சியிலேயே ஒரு ஆய்வுக்கூடம் வைத்து அளவெடுத்தார். யானையும் அட்டையும் நிறைந்த அந்த மலையில், அந்தக் காலத்தில்! அதை இன்றுவரை விடாமல் தொடர்ந்திருந்தால் என்ன என்று நினைத்துப் பெருமூச்சு விடுவதுண்டு.

ஒரு மாணவன் நாளைக்கே என்ன தொடங்கலாம்?

வீட்டு முற்றத்தில் ஒரு பலா, ஒரு மா, பாதையோரம் ஒரு கொன்றை. வாரம் ஒருநாள், அதே நாள், தளிர், பூ, காய் இருக்கிறதா என்று எழுது. 2010-இல் தொடங்கிய சீசன்வாட்ச் என்ற மக்கள் திட்டத்தில் அதைப் பதியலாம். விஷுவுக்குக் கொன்றைப்பூ தேடி அலைகிற நாம், அது எந்த வாரம் பூத்தது என்று பத்து வருடக் கணக்கு வைத்திருக்கிறோமா?

இரண்டே எச்சரிக்கை. மரத்தை மாற்றாதே. பூ இல்லாத வாரத்திலும் 'இல்லை' என்று எழுது. வெற்றிடம் விட்டால் நீ பார்க்கவில்லையா, பூக்கவில்லையா என்று பின்னால் யாருக்கும் தெரியாது.

ரப்பர் விளைக்காரர்கள் எழுதும் நோட்டு இதற்கு ஆகுமா?

நன்றாக ஆகும். மழை பெய்தால் வெட்டு கிடையாது. அதனால் எந்தெந்த நாள் வெட்டு நடந்தது, எத்தனை ஷீட் அடித்தோம், ஒட்டுப்பால் (வெட்டிலும் சிரட்டையிலும் ஒட்டி உறைந்த பால்) எவ்வளவு என்று கூலிக் கணக்குக்காக எல்லாரும் எழுதுகிறோம். தோல் கம்பெனி முயலை எழுதியது மாதிரி, நாம் அறியாமலே மழையை எழுதிக்கொண்டிருக்கிறோம். மழைமறை (வெட்டுப் பட்டை நனையாமல் மரத்தில் கட்டும் மறைப்பு) போட்டுவிட்டால் மழை நாளிலும் வெட்டு நடக்கும், ஆகவே எந்த வருடம் போட்டீர்கள் என்பதையும் அதே நோட்டில் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த வருடம் மழை குறைந்ததாகக் கணக்கு பொய் சொல்லும்.

என் அப்பா முப்பத்தொரு வருடம் எழுதினார். 2017 நவம்பர் 30-ஆம் தேதிப் பக்கத்தில் 'காற்று' என்று ஒரே சொல். ஒக்கிப் புயலில் எங்கள் விளையில் பாதி மரம் படுத்த நாள் அது.

அந்த நோட்டுகளை எங்கே வைப்பது?

தகரப் பெட்டியில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில். அப்பாவின் முப்பத்தொன்றில் இரண்டு வருடத்தைக் கரையான் தின்றுவிட்டது.